மாத்திரை நம்ம உடம்போட நிக்கிறதில்ல

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல ஒரு கேள்வி இருந்தது. "வீட்டுல தேதி முடிஞ்ச மாத்திரை ஒரு டப்பா நிறைய கிடக்கு. டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணா தண்ணி கெட்டுப்போகுமாமே, நிஜமா?"

ஒரு வரியில பதில்: ஃப்ளஷ் பண்ணாதீங்க. ஆனா அந்தப் பதிலோட எபிசோடை முடிச்சா உங்களை ஏமாத்தின மாதிரி ஆகிடும். ஏன்னா இந்தக் கதையில உங்க டப்பா ஒரு துணை நடிகர்தான். மெயின் ஆளுங்க வேற ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு, நம்ம உடம்பு. இன்னொண்ணு, அந்த மாத்திரையைத் தயாரிச்ச ஃபேக்டரி.

முதல்ல உடம்பு. மாத்திரை போட்டா அது உள்ள போய் வேலை செஞ்சு அப்படியே கரைஞ்சு காணாமப் போயிடும்னுதான் நாம மனசுல ஒரு படம் வெச்சிருக்கோம். நிறைய மருந்துகள் அப்படிக் கிடையாது. மெட்ஃபார்மினை எடுத்துக்கோங்க. உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் இதைப் போடுறவங்களா இருப்பாங்க. இந்தியாவுல சர்க்கரை நோய் இருக்கிறவங்க 10 கோடிக்கும் மேலன்னு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல சொல்லிச்சு. மெட்ஃபார்மினை நம்ம கல்லீரல் உடைக்கிறதே இல்லை. ரத்தத்துல சேர்ந்த மருந்து அப்படியே சிறுநீர்ல வெளிய வருது. காலையில முழுங்கின மாத்திரை சாயங்காலம் சாக்கடையில இருக்கும்.

"சரி, சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கே"ன்னு கேப்பீங்க. நம்ம ஊர் எஸ்.டி.பி. எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு பெரிய தொட்டி, அதுல காத்து, கோடிக்கணக்கான பாக்டீரியா. அந்த பாக்டீரியா மலத்தையும் சாப்பாட்டுக் கழிவையும் தின்னு தீர்க்கும். அதுக்காகத்தான் அந்த டிசைன். மருந்து மூலக்கூறை எடுக்கணும்ங்கிறது அந்த ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்லயே கிடையாது. சில மருந்து அந்த பாக்டீரியா கிட்ட மாட்டி உடையும், பாராசிட்டமால் மாதிரி. சிலது ஜம்முன்னு உள்ள போய் ஜம்முன்னு வெளிய வரும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற கார்பமஸபின் இதுல பேர் போனது. ஒரு ஏரியிலயோ கிணத்துலயோ கார்பமஸபின் கிடைச்சா, "இங்க எங்கேயோ சாக்கடை கலக்குது"ன்னு முடிவு பண்ற அளவுக்கு அதை ஒரு அடையாளமாவே ஆராய்ச்சியாளர்கள் வெச்சிருக்காங்க.

இதுவும் எஸ்.டி.பி.க்கு வந்து சேர்ந்த தண்ணியோட கதைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட கணக்குப்படி, இந்தியாவோட நகரங்கள்ல ஒரு நாளைக்கு உண்டாகிற கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதுல உண்மையில சுத்திகரிக்கப்படுறது 20,236 மில்லியன் லிட்டர். மிச்சத்தை எங்க தேடணும்னு கூவத்துப் பக்கம் பைக் ஓட்டினவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காவிரியில ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு ரெண்டு வருஷம் மாதிரி எடுத்துப் பார்த்தப்போ வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாடிக், காஃபின் எல்லாமே அங்க இருந்தது. ஆமா, நம்ம ஃபில்டர் காபியும் ஆத்துலதான் போய் சேருது.

இப்ப ஒரு நியாயமான சந்தேகம் வரும். இதெல்லாம் நானோகிராம், மைக்ரோகிராம் கணக்கு. இத்துனூண்டு மருந்து என்ன பண்ணிடும்?

அதுக்குத்தான் கனடாவுல ஒரு முழு ஏரியையே சோதனைக் கூடமா மாத்தினாங்க. ஒன்டாரியோ மாகாணத்துல ஆராய்ச்சிக்காகவே ஒதுக்கி வெச்ச ஏரிகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வெறும் நம்பர்தான் பேர். அதுல 260-ஆம் ஏரியில, 2001 முதல் 2003 வரை மூணு கோடைக்காலம், கருத்தடை மாத்திரையில இருக்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தாங்க. அளவு? லிட்டருக்கு 5, 6 நானோகிராம். இதைக் கற்பனை பண்ண ஒரு வழி சொல்றேன். சென்னை முழுசுக்கும் ஒரு நாளைக்கு சப்ளை ஆகிற தண்ணி ஏறக்குறைய 100 கோடி லிட்டர். அத்தனை தண்ணியிலயும் ஒரே ஒரு டீஸ்பூன் பொடியைக் கலந்தா வர்ற அளவு அது. ஊர்ச் சாக்கடை கலக்கிற ஆறுகள்ல சாதாரணமா காணக்கூடிய அளவுக்குப் பக்கத்துலதான் இது இருக்கு.

என்ன ஆச்சு? ஃபேட்ஹெட் மின்னோன்னு ஒரு சின்ன மீன். அதுல ஆண் மீன்கள் முட்டைக்கான புரதத்தை உற்பத்தி பண்ண ஆரம்பிச்சது. இனப்பெருக்கம் படுத்துப்போச்சு. கொஞ்ச நாள்ல அந்த ஏரியில அந்த மீன் இனமே கிட்டத்தட்ட இல்லைங்கிற நிலைமை. 2007-ல கேரன் கிட் தலைமையிலான குழு இதை வெளியிட்டாங்க. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் அடுத்த பகுதி. மருந்து கலக்கிறதை நிறுத்தின பிறகு, சில வருஷத்துல மீன் கூட்டம் திரும்ப வந்தது. அதாவது, குழாயை மூடினா ஏரி மீளும். இந்த எபிசோட் முழுக்க நான் கொஞ்சம் கடுப்பா பேசினாலும், இதை ஒரு ஓரமா ஞாபகம் வெச்சுக்கோங்க.

இனி ஃபேக்டரி. இங்கதான் நம்ம நாட்டுக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கு.

ஹைதராபாத்துக்குப் பக்கத்துல படான்சேரு. இந்த ஊர் எப்படி மருந்து ஊரா ஆச்சுங்கிறதே ஒரு கதை. 1961-ல சோவியத் உதவியோட ஐ.டி.பி.எல். ங்கிற அரசு மருந்து நிறுவனம் ஆரம்பிச்சாங்க, அதோட ஒரு பெரிய ஆலை ஹைதராபாத்துல வந்தது. அங்க வேலை கத்துக்கிட்ட ஆட்கள் வெளிய வந்து சொந்தமா கம்பெனி தொடங்கினாங்க. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனர் அஞ்சி ரெட்டியும் அந்த ஐ.டி.பி.எல். பட்டறையில இருந்து வந்தவர்தான். படான்சேரு இருக்கிற மேதக், 1980-ல இந்திரா காந்தி ஜெயிச்ச தொகுதி. தொழிற்பேட்டை வளர்ந்தது. உலகத்துக்கே மலிவு மருந்து போச்சு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மலிவு மருந்தால உயிர் பிழைச்சவங்க கணக்கு ரொம்பப் பெரிசு.

ஆனா அங்க இருந்த சுமார் 90 மருந்து ஆலைகளோட கழிவு ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போச்சு. அங்க சுத்தம் பண்ணி வெளிய விட்ட தண்ணியை, கவனிங்க, சுத்தம் பண்ணின பிறகு வந்த தண்ணியை, ஸ்வீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சன் குழு சோதிச்சுப் பார்த்து 2007-ல முடிவை வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் ங்கிற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் இருந்தது. நானோகிராம் இல்லை, மைக்ரோகிராமும் இல்லை, மில்லிகிராம். நம்ம வீட்டுல போடுற 20 லிட்டர் கேன்ல அந்தத் தண்ணியைப் பிடிச்சா, அதுல 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணுக்கும் மேல கரைஞ்சிருக்கும். அந்த மருந்தைச் சாப்பிடுற நோயாளியோட ரத்தத்துல இருக்கிறதை விட ஓடைத் தண்ணியில அதிகம். ஒரு நாளைக்கு 44 கிலோ சிப்ரோஃப்ளாக்சசின் அங்கிருந்து வெளியேறினதா அவங்க கணக்குப் போட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைன்னு வெச்சா, 44,000 பேர் இருக்கிற ஒரு டவுனுக்கே போடலாம். தினமும்.

ஒரு இன்ஜினியரா இந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வந்த முதல் கேள்வி, சுற்றுச்சூழலை விடுங்க, அது சரக்கு இல்லையா? வித்தா காசு வர்ற பொருளை ஏன் சாக்கடையில விடுறாங்க? பதில் சிம்பிள். உற்பத்தியில கடைசியா நழுவிப்போற கொஞ்ச மருந்தைத் தண்ணியில இருந்து பிரிச்சு எடுக்க ஆகிற செலவு, அந்த மருந்தோட விலையை விட அதிகம். ஆறு யாருக்கும் பில் அனுப்புறதில்லை. அதனால கணக்குப்படி விடுறதுதான் லாபம்.

இதுக்கு மேல ஒரு விஷயம். ஆலைக் கழிவுல மருந்து ஜாஸ்தி இருந்தா சுத்திகரிப்பு பாக்டீரியா உயிரோட இருக்காது. அதனால அதுக்குத் தீனி மாதிரி மனுஷக் கழிவுநீரையும் அந்த நிலையத்துல சேர்த்தாங்க. யோசிச்சுப் பாருங்க. நம்ம குடல்ல இருந்து வர்ற பாக்டீரியாவை, ஆன்டிபயாடிக் நிறைஞ்ச தொட்டியில, சாப்பாடும் காத்தும் கொடுத்து வளர்க்கிறோம். எது சாகும்? மருந்துக்கு அடங்கிறதெல்லாம் சாகும். எது பிழைக்கும்? அடங்காதது. பிழைச்சது தன் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துல இருக்கிற பாக்டீரியாவுக்கும் காப்பி பண்ணிக் கொடுக்கும். திட்டம் போட்டு எதிர்ப்பு பாக்டீரியா வளர்க்கணும்னா நானும் ஏறக்குறைய இதே டிசைனைத்தான் போட்டிருப்பேன். 2013-ல வந்த ஒரு ஆய்வுல, அந்த நிலையத்துல இருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியா வகைகள்ல 86 சதவீதம், 20 அல்லது அதுக்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக்குக்கு அடங்கலை.

இது ஏன் படான்சேருவோட முடியாத பிரச்சினைன்னா, பாக்டீரியாவுக்கு பாஸ்போர்ட் வேண்டாம். ஆத்துத் தண்ணி, அதுல விளைஞ்ச கீரை, அதைக் குடிச்ச மாடு, அங்க இருந்து விமானம் ஏறின மனுஷன், எல்லாமே அதுக்கு வண்டிதான். 2019-ல மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா 12.7 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு லான்செட் இதழ்ல வந்த கணக்கு சொல்லுது. அதுல ஆத்து மாசோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, அளவுக்கு மீறி மருந்து சாப்பிடுறதுக்குத்தான் பெரிய பங்கு. ஆனா ஃபேக்டரிக் குழாய்ங்கிறது ஒரே இடத்துல, ஒரே ஓனர் கிட்ட இருக்கு. கோடிப் பேரோட பழக்கத்தை மாத்துறதை விட ஒரு குழாயைச் சரி பண்றது சுலபம். அதனாலதான் எனக்கு இதுல கோவம் கொஞ்சம் அதிகம்.

ஊர் மக்கள் சும்மா இல்லை. 1990-லயே படான்சேரு மாசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிடுச்சு. அந்த ஊர்ல வைத்தியம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ் பல வருஷம் இதுக்காகப் போராடினார். அப்புறம் கழிவை ஓடையில விடாம, சுமார் 18 கிலோமீட்டர் பைப்லைன் போட்டு ஹைதராபாத்துக்குள்ள அம்பர்பேட்ல இருக்கிற எஸ்.டி.பி.க்கு அனுப்பினாங்க. அது மூசி ஆத்தங்கரை. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, பக்கை ஃபிக்ஸ் பண்ணலை, வேற டீமுக்கு அசைன் பண்ணிட்டாங்க. 2016 நவம்பர்ல ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ஹைதராபாத் சுத்துவட்டாரத்துல தண்ணி எடுத்துப் பார்த்தாங்க. தொழிற்பேட்டைச் சாக்கடை ஒண்ணுல ஃப்ளூகோனசோல் ங்கிற பூஞ்சைக்கொல்லி மருந்து லிட்டருக்கு 237 மில்லிகிராம் இருந்தது. அதே 20 லிட்டர் கேன் கணக்குல 150 மில்லிகிராம் மாத்திரை முப்பதுக்கு மேல.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதுதான் என்னோட இன்னைக்கு எபிசோட்ல முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

2020 ஜனவரியில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. மருந்து ஆலைக் கழிவுல 121 ஆன்டிபயாடிக்குக்கு, ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வரம்பு. உலகத்துல எந்த நாடும் அப்ப வரைக்கும் இப்படி ஒரு பட்டியலைச் சட்டமாக்கலை. இந்தியா முதல் ஆளா இருந்திருக்கும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு விஞ்ஞானிகள் பரிந்துரைக்கிற பாதுகாப்பான அளவு லிட்டருக்கு சுமார் 0.06 மைக்ரோகிராம். படான்சேருல 2007-ல பார்த்தது அதைப் போல கிட்டத்தட்ட 5 லட்சம் மடங்கு. அப்ப எவ்வளவு தூரம் போகணும்னு புரியுதா? கம்பெனிகள் எதிர்த்தாங்க. வரம்பு ரொம்பக் கடுமை, இதை அளக்கிறதுக்கே லேப் வசதி போதாது, செலவு தாங்காதுன்னு. 2021 ஆகஸ்ட்ல இறுதி அறிவிக்கை வந்தது. அதுல அந்த 121 வரி மொத்தமும் இல்லை.

கம்பெனிகள் சொன்னதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். சின்ன ஆலைக்கு இந்த அளவை அளக்கிற கருவியே பெரிய செலவு. மருந்து விலையை அரசே கட்டுப்படுத்தும்போது அந்தச் செலவை எங்க ஏத்துறதுன்னு கேக்கிறதும் சரியான கேள்வி. ஆனா அதுக்குப் பதில், அஞ்சு வருஷம் டைம் கொடு, பெரிய ஆலையில ஆரம்பி, எண்ணைக் கொஞ்சம் தளர்த்துன்னு இருந்திருக்கலாம். பேப்பரையே கிழிக்கிறது பதில் ஆகாது. "நாங்க கழிவே வெளிய விடுறதில்லை"ன்னு சில ஆலைகள் சொல்றாங்க. தண்ணியை ஆவியாக்கி உப்பைத் தனியா எடுத்துடுற முறை அது, சரியா செஞ்சா நல்ல முறை. கரண்ட் செலவு பயங்கரம். அதனால ராத்திரியில டேங்கர்ல கொண்டுபோய்க் கொட்டுறாங்கன்னு புகாரும் நிக்காம வருது. வரம்பும் இல்லாம, அளவீடும் இல்லாம, யார் சரியா செய்றாங்க, யார் ஏமாத்துறாங்கன்னு எப்படித் தெரியும்? லாக் இல்லாத சர்வரை வெச்சுக்கிட்டு, எரரே வரலைன்னு சொல்ற மாதிரி.

2024 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம், ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்குன்னே முதல் வழிகாட்டியை வெளியிட்டது. கட்டாயம் இல்லை. ஆனா இப்ப, எவ்வளவு சரின்னே தெரியாதேங்கிற சாக்கு செல்லாது.

வெளிநாட்டுல சாக்கடை முனையில இதைத் தீர்க்கப் பார்க்கிறாங்க. சுவிட்சர்லாந்துல 2016-ல இருந்து சட்டமே இருக்கு. பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் ஓசோன் வாயு விட்டோ, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டோ மருந்து மாதிரியான நுண்மாசுல 80 சதவீதத்தை எடுக்கணும். அதுக்காக ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 9 ஃபிராங்க் வரை வசூல். ஐரோப்பிய யூனியன் இன்னும் ஒரு படி மேல போய், 2025 ஜனவரியில அமலுக்கு வந்த புது உத்தரவுல, இந்த கூடுதல் சுத்திகரிப்புச் செலவுல குறைஞ்சது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பெனிகளே கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. போகாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இதை நாளைக்கே சென்னையில செய்யணும்னு நான் சொல்ல வரலை. கோயம்பேடு, கொடுங்கையூர் ரெண்டு இடத்துலயும் தினம் 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறாங்க. நல்ல விஷயம். ஆனா நாட்டுல பாதிக்கு மேல கழிவுநீர் எந்த நிலையத்தையும் பார்க்காத நேரத்துல ஓசோன் பிளான்ட் பத்திப் பேசுறது, கதவே இல்லாத வீட்டுக்கு சிசிடிவி வாங்குற மாதிரி. நம்ம ஆர்டர் வேற. முதல்ல ஃபேக்டரிக் குழாய், அப்புறம் சாக்கடை இணைப்பு, அதுக்கு அப்புறம்தான் ஓசோன்.

இப்ப உங்க டப்பாவுக்கு வருவோம். மாத்திரையைத் தண்ணியிலயும் போடாதீங்க, அட்டையோட தெருக் குப்பையிலயும் வீசாதீங்க. மருந்துக்கடையிலயோ ஆஸ்பத்திரியிலயோ திரும்ப வாங்கிக்கிறாங்களான்னு கேளுங்க. கேரளாவுல அரசே என்பிரவுட்னு ஒரு திட்டத்துல வீட்டுல இருந்து பழைய மருந்தை வாங்கி எரிக்க அனுப்புறாங்க. கோழிக்கோட்டுல 2025-ல தொடங்கினது. நமக்கும் அது வேணும். ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிடுறேன்: ஃபென்டனில், மார்ஃபின் மாதிரி, வேற யாராவது ஒருத்தர் ஒரு டோஸ் எடுத்தாலே உயிருக்கு ஆபத்தான 17 மருந்துகளை மட்டும் ஃப்ளஷ் பண்ணலாம்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2025 வழிகாட்டியில சொல்லியிருக்கு. குழந்தை கையில கிடைக்கிறதை விட அது மேல்ங்கிற கணக்கு.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவுறீங்கள்ல? தோல் வழியா உள்ள போறது சுமார் 6 சதவீதம்தான். தடவின கையை நேரா குழாய்ல கழுவாம, முதல்ல டிஷ்யூ பேப்பர்ல துடைச்சுக் குப்பையில போட்டுட்டு அப்புறம் கழுவுங்க. தடவினதும் குளிக்கப் போகாதீங்க. பத்து செகண்ட் வேலை. ஐடி பார்க்ல வேலை பார்க்கிற நம்ம கூட்டம் ஒரு வருஷத்துல தீர்க்கிற ஜெல் ட்யூப் எவ்வளவுன்னு நினைச்சாலே இது சின்ன விஷயம் இல்லைன்னு தெரியும்.

கடைசியா நான் ரொம்ப நம்புற ஒரு வழி. சட்டம் வர்றதுக்குக் காத்திருக்காம, வாங்குறவங்க கேள்வி கேக்கிறது. நார்வேயில அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குற அமைப்பு 2019-ல ஆன்டிபயாடிக் டெண்டர்ல சுற்றுச்சூழலுக்கு 30 சதவீதம் மதிப்பெண் வெச்சது. விலை மட்டும் குறைஞ்சா போதாது, கழிவை எப்படிக் கையாளுறேன்னும் காட்டணும். மருந்து எங்க தயாரானாலும், இந்தியாவுல தயாரானாலும், அந்தக் கேள்வி ஃபேக்டரி வாசல் வரைக்கும் வரும்.

நம்ம கிட்ட 1994-ல தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமா டெண்டர் விட்டு மருந்து வாங்கிறதுல மத்த மாநிலங்கள் வந்து பார்த்துக் கத்துக்கிட்ட அமைப்பு அது. மருந்தோட தரத்தை லேப்ல சோதிச்சுத்தான் வாங்குவாங்க. அதே டெண்டர்ல ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் முதல்ல ஆரம்பிக்கலாம்: உங்க ஆலைக் கழிவுல இந்த மருந்து லிட்டருக்கு எவ்வளவு இருக்கு, யார் அளந்தாங்க, எந்தத் தேதியில? மூணே கேள்வி. முதல் வருஷம் பதில் சொன்னாலே போதும், மதிப்பெண் கூட வேண்டாம். இதை ஒரு மனுவா எழுதியிருக்கேன். எபிசோட் பக்கத்துல இருக்கு, உங்க தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு அனுப்புற மாதிரியே எழுதியிருக்கேன், பேரை மட்டும் மாத்திக்கோங்க.

அடுத்த வாரம் டேட்டா சென்டர் எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு பார்க்கப் போறோம். வர்றேன் மக்களே.